ராத்திரி ஒன்பது மணிக்கு எதைப் போடுவது? உண்மைக் குற்றம், கதைத் தொடர், ரியாலிட்டி ஷோ – ஓர் ஒப்பீடு

"ஒரு சந்தாதான் கட்டப் போகிறோம், சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்தான் கையில், வீட்டில் சின்னதும் பெரிசுமாக ஆள் இருக்கிறது, எதைத்தான் பார்ப்பது?" இதையே கொஞ்சம் மாற்றி மாற்றி இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருத்திக்குக் கொலை வழக்கு ஆவணப்படங்கள் என்றால் பைத்தியம், ஆனால் பார்த்த அன்று தூக்கம் வருவதில்லை. இன்னொருவர் வீட்டில் பிக் பாஸ் ஓடுகிற மூன்று மாதமும் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூன்றாமவர் பாவம், எதைப் பார்க்கலாம் என்று ரிமோட்டில் தேடித் தேடியே முக்கால் மணி நேரத்தை ஓட்டிவிட்டு ஒன்றையும் பார்க்காமல் படுத்துவிடுகிறார்.

எங்கள் வீடும் இதில் சேர்த்திதான். ஈரோட்டில் ஒரே கூடம், ஒரே டிவி. நான், கணவர், மாமியார், போன வருஷத்தில் இருந்து எங்களோடு இருக்கும் என் அப்பா, பதினாலு வயசு மகள், ஒன்பது வயசு மகன். மூன்று வகையையும் முறை வைத்துப் பார்த்திருக்கிறோம், மூன்றிலும் அடிபட்டிருக்கிறோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

"நல்லா இருக்குமா?" என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். மூன்று வகையிலும் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. நான் பார்ப்பது நாலு.

முதலாவது நேரம். ஒரு எபிசோடு எத்தனை நிமிஷம் என்பதில்லை, தொடங்கினால் மொத்தத்தில் நம்மிடம் இருந்து எத்தனை மணி நேரத்தைக் கறக்கும் என்பது. அடுத்தது, கூடத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது: திரையில் இருப்பதில் எவ்வளவு நிஜம், அந்த நிஜத்துக்கு யார் விலை கொடுத்தார்கள். கடைசியாக, டிவியை அணைத்த பிறகு வீட்டில் என்ன மிஞ்சுகிறது, தூக்கமா, சண்டையா, நாளைக்குப் பேச ஒரு விஷயமா. பணத்தை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். சந்தா ஒரு மாதத்தில் நின்றுவிடும், பழக்கம் நிற்காது.

அவசரக்காரர்களுக்கு முதலில் ஒரு அட்டவணை:

| | உண்மைக் குற்றம் | கதைத் தொடர் | ரியாலிட்டி ஷோ |
|---|---|---|---|
| மொத்த நேரம் | ஒன்றரை முதல் 4 மணி வரை | வெப் சீரிஸ் 5–7 மணி; மெகா சீரியல் வருஷத்துக்கு 150 மணி | பிக் பாஸ் மாதிரி என்றால் ஒரு சீசனுக்கு 100 மணியைத் தாண்டும் |
| யாரோடு | தனியாக, இல்லை பெரியவர்கள் மட்டும் | தேர்ந்தெடுத்தால் எல்லாரோடும் | சமையலும் பாட்டும் எல்லாரோடும். மற்றது யோசித்து |
| எவ்வளவு நிஜம் | சம்பவம் நிஜம், கோணம் இயக்குநருடையது | கற்பனை என்று சொல்லிக்கொண்டே வருவது | ஆட்கள் நிஜம், வரிசை எடிட்டருடையது |
| அணைத்த பிறகு | தாழ்ப்பாளை ரெண்டு தரம் பார்ப்பது | "இன்னும் ஒரே ஒரு எபிசோடு" | கட்சி பிரிந்து வாக்குவாதம் |
| மறைவான செலவு | பாதிக்கப்பட்டவர் குடும்பம் | தூக்கம் | குழந்தைகளின் பேச்சு, வீட்டு அமைதி |

## உண்மைக் குற்றம்

நேரக் கணக்கில் இதுதான் சிக்கனம். 'தி ஹன்ட் ஃபார் வீரப்பன்' (2023) நாலே எபிசோடு. டெல்லி புராரியில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்துகிடந்ததைப் பற்றிய 'ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்' (2021) மூன்று. சொந்தத்தில் ஆறு பேரைக் கொன்றதாக ஒரு மருமகள் மீது எழுந்த கேரளத்தின் கூடத்தாயி வழக்கைச் சொல்லும் 'கறி அண்ட் சயனைடு' (2023) சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்றும் நெட்ஃபிளிக்ஸில். ஒரு சனி ஞாயிறு போதும், அடுத்த சீசன் எப்போது என்ற தொல்லையும் இல்லை.

வீரப்பன் தொடரை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தோம். அது தப்பா சரியா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அப்பா சத்தியமங்கலம்–தாளவாடி வழியில் கண்டக்டராக இருந்தவர், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு அத்துப்படி. திரையில் காட்டை மேலே இருந்து காட்டி அடியில் கனமான இசையைப் போட்டால் நமக்குச் சிலிர்க்கிறது, அவரோ "இது எந்த இடம், பேரைப் போட மாட்டாங்களா?" என்கிறார். 2000 ஜூலை 30 அன்று தொட்டகாஜனூர் பண்ணை வீட்டில் இருந்து நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டது எனக்குச் செய்தி, அவருக்கு மறுநாள் காலை டூட்டி. ராஜ்குமார் விடுதலையாகி வருவதற்கு 108 நாள் ஆனது. அந்த நாட்களில் எந்தச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள், யாருடைய அரிசிப் பையைக் கீழே கொட்டிப் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர் அதற்கப்புறம் பஸ்ஸில் ஏறவே இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, நான் டிவியை நிறுத்தி வைத்துவிட்டு அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று எபிசோடு அப்படித்தான் போனது. நாலாவதைப் போடப் போனபோது எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்.

இந்த வகையில் நான் முதலில் பார்ப்பது, கதை யார் வாயால் வருகிறது என்பது. வீரப்பன் தொடரில் மனைவி முத்துலட்சுமியும் பேசுகிறார், வீரப்பனைத் தேடிய அதிகாரிகளும் பேசுகிறார்கள், அதனால் அது நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மலைக்கிராமத்து ஜனங்களின் கதை எந்தப் பக்கத்தின் வீரக் கதையிலும் முழுசாக வராது. இரண்டு மாநிலத்து அதிரடிப் படைகள் மீது அவர்கள் சொன்ன சித்திரவதைப் புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவே அமைத்தது. ஒரே ஒரு தரப்பை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்துப் பேச விடும் தொடர் என்றால் நான் முதல் எபிசோடோடு மூடிவிடுவேன்.

அடுத்தது, வழக்கு முடிந்ததா என்பது. கூடத்தாயி வழக்கில் கைது நடந்தது 2019 அக்டோபரில், படம் வந்தது 2023 டிசம்பரில், அப்போது நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை. படத்தைப் பார்த்து முடித்த எங்கள் கூடம் மட்டும் அன்று ராத்திரியே தீர்ப்பு எழுதிவிட்டது. போலீஸ் தரப்பின்படி ஆறு மரணங்களில் முதலாவது 2002-ல், அந்த மருமகளின் மாமியாருக்கு, ஆட்டு சூப் குடித்த பிறகு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நெஞ்செலும்பு சூப் வைத்து டம்ளரில் ஊற்றி நீட்டினேன். என் மாமியார் வாங்கினார், உள்ளே பார்த்தார், "நீ மொதல்ல ஒரு வாய் குடி கண்ணு" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் நான் குடித்த பிறகுதான் அவர் குடித்தார்.

குற்றத்தைக் கதையாக விற்கும் உரிமை யாருக்கு, எந்த எல்லை வரை என்பதற்கு நம் ஊரில் இருந்தே ஒரு பெரிய தீர்ப்பு உண்டு. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடப் போக, சிறைத் துறை தடுக்கப் பார்த்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை ஒருவர் சம்மதமில்லாமலும் எழுதலாம், அதைத் தாண்டி அந்தரங்க வாழ்க்கைக்குள் புகுந்தால் அவர் வழக்குப் போடலாம், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பொது ஆவணத்தில் இருந்தாலும்கூட வெளிப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. அடுத்த வருஷம் சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். இன்றைக்கு ஒரு ஆவணப்படத்தில், செத்துப்போனவரின் கல்யாண ஆல்பத்தை மெதுவாகப் புரட்டிக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்த எல்லைதான் ஞாபகம் வருகிறது. ஆல்பம் கொடுத்த குடும்பமும் உண்டு, கொடுக்காமலே எங்கிருந்தோ எடுக்கப்பட்ட படமும் உண்டு. பார்க்கிற நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, யாருக்கு இது ஒத்துவரும்? தனியாகவோ ஒத்த வயசுக்காரரோடோ பார்க்கிறவர், வாரத்துக்கு ஒரு நாள்தான் நேரம் இருக்கிறவர், பார்த்த பிறகு ஒரு மணி நேரமாவது வேறு வேலை செய்துவிட்டுப் படுக்கிறவர். ஒன்பது வயசுப் பையன் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் கூடத்தில் வேண்டாம்.

## கதைத் தொடர்

இதில் இரண்டு ஜாதி: மெகா சீரியல், வெப் சீரிஸ். இரண்டையும் ஒரே பேரில் அழைப்பதே தப்பு.

மெகா சீரியலைத் திட்டுவது சுலபம். கணக்கும் அதற்கு எதிராகத்தான் இருக்கிறது: அரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 150 மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி, அந்த அளவுக்குப் போட்டாலே 150-ல் 30 மணி நேரம் சோப்பும் நகைக்கடையும்தான். 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி' 2005 வரை எண்ணூறு எபிசோடுக்கு மேல் ஓடியது. அதை முழுசாகப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஏனென்றால் சீரியலைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, காதால் பார்த்தால் போதும். மாமியார் சின்ன வெங்காயம் உரிப்பார், நாளைக்குப் பூ கட்டுவார், நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தாலும் கதை அதே வாசற்படியில் நிற்கும். வேலையோடு வேலையாக ஓட ஒன்று வேண்டும் என்றால் இதை விடப் பொருத்தமானது கிடையாது. உட்கார்ந்து கவனமாகப் பார்க்கப் போகிறேன் என்றால் உங்களை நீங்களே தண்டித்துக்கொள்கிறீர்கள்.

வெப் சீரிஸ் வேறு. எட்டு எபிசோடு, ஆறு மணி நேரம், ஒரு தொடக்கம், ஒரு முடிவு. 'சுழல்' (2022) ஒரு தொழிற்சாலை ஊரில் காணாமல் போன பெண்ணைத் தேடும் கதையை மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குள் வைத்துச் சொன்னது. அங்காளம்மன் ஊர்வலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் தாரைத் தப்பட்டையும் விபூதி வாசமும் சேர்ந்தே வரும். 'வதந்தி' (2022) இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு பெண் செத்துப்போகிறாள், அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை கிளம்புகிறது, கன்னியாகுமரிப் பக்கத்துப் போலீஸ் அதிகாரி ஒருவர் அந்தக் கதைகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார். உண்மைக் குற்ற ஆவணப்படம் பார்த்துவிட்டு நாம் கூடத்தில் உட்கார்ந்து செய்த அதே வேலையை ஊரே செய்வதாகக் காட்டினால் எப்படி இருக்கும்? சுருக்கென்றுதான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஆறு பேரும் எழுந்துபோகாமல் பார்த்து முடித்தது 'அயலி' (2023) மட்டும்தான். 1990-ல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், வயசுக்கு வந்தால் பெண்ணின் படிப்பு நின்றுவிடும், அதனால் ஒரு பெண் தான் வயசுக்கு வந்ததையே மறைக்கிறாள். ஒன்பது வயசுப் பையன் முன்னால் எப்படி என்று கணவர் நெளிந்தார். பையன் ஒன்றும் நெளியவில்லை, "அவ ஸ்கூலுக்குத்தானே போகணும்கிறா, விட்டுட வேண்டியதுதானே" என்றான். மாமியார் கையில் இருந்த பூவை அப்படியே வைத்துவிட்டு, ஏழாம் வகுப்பில் தன்னை நிறுத்திய கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னார். என் மகள் அதற்கப்புறம் பாட்டியிடம் கேட்ட கேள்விகளுக்கு எந்த எபிசோடும் ஈடாகாது. அணைத்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

உண்மைக் குற்றத்துக்கும் கதைத் தொடருக்கும் நடுவில் ஒரு கலப்பு வகை இருக்கிறது, உண்மைச் சம்பவத்தை நடிகர்களை வைத்து எடுப்பது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்தின் புலன்விசாரணையைச் சொன்ன 'டெல்லி கிரைம்' (2019) ஏழு எபிசோடு, 2020-ல் சர்வதேச எம்மி விருது வாங்கியது. கொடுமையைக் காட்டாமல் அதன் பாரத்தை மட்டும் காட்டத் தெரிந்த தொடர். ஆனால் அது முழுக்கக் காவல் துறை பக்கத்தில் நின்று சொன்ன கதை என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆட்டோ சங்கர் கதையும் 2019-ல் இப்படி வெப் சீரிஸாக வந்தது. "உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்" என்று முதலில் ஒரு அட்டை வரும், அதில் "அடிப்படையில்" என்ற வார்த்தைதான் முக்கியம். எது நடந்தது, எது வசனகர்த்தாவின் கைவேலை என்று பார்க்கிறவருக்குப் பிரித்துச் சொல்ல ஆளில்லை.

கதைத் தொடரின் மறைவான செலவு தூக்கம். ஒவ்வொரு எபிசோடும் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் முடியும், அடுத்தது ஐந்து விநாடியில் தானாக ஓடும். இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து: எபிசோடின் முடிவில் நிறுத்தாதீர்கள், அடுத்த எபிசோடில் பதினைந்து நிமிஷம் பார்த்துவிட்டு நடுவில் நிறுத்துங்கள். போன முடிச்சு அவிழ்ந்திருக்கும், புது முடிச்சு விழுந்திருக்காது. எங்கள் வீட்டில் இது நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொன்று, அடுத்த சீசனை நம்பிச் சந்தாவைக் கட்டிக்கொண்டே இருக்காதீர்கள். 'சுழல்' முதல் சீசன் 2022 ஜூனில், இரண்டாவது 2025 பிப்ரவரியில்.

## ரியாலிட்டி ஷோ

நெதர்லாந்தில் 1999-ல் 'பிக் பிரதர்' என்று தொடங்கியதுதான் 2017 ஜூனில் கமல் ஹாசன் தொகுத்து வழங்க விஜய் டிவியில் பிக் பாஸ் ஆக வந்தது. 2024-ல் எட்டாவது சீசனில் இருந்து விஜய் சேதுபதி. ஒரு வீடு, நூறு நாள் சுமாருக்கு, சுற்றிலும் கேமரா. 24 மணி நேரத்தில் நடந்ததைச் சுமார் ஒரு மணி நேரமாகச் சுருக்கினால் மிச்சம் 23 மணி நேரம் எங்கே போனது? எடிட்டர் மேஜைக்குக் கீழே. ஒருத்தர் ஒன்று சொல்கிறார், வெட்டு, இன்னொருத்தர் முறைக்கிறார். அந்த முறைப்பு அந்தப் பேச்சுக்குத்தானா, சாயங்காலம் பால் தீர்ந்துபோனதற்கா என்பது எடிட்டருக்குத்தான் வெளிச்சம். எழுதி வைத்து நடிக்கிறார்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, எழுதத் தேவையே இல்லை, வெட்டினால் போதும்.

நேரக் கணக்கில் இதுதான் பெரிய முதலை. ராத்திரி ஒரு மணி நேரம் என்று உட்காருவோம், ஆனால் காலையில் இருந்தே புரமோ வரும், மதியம் யூடியூபில் விமர்சனம், வார இறுதியில் எலிமினேஷன், போதாததற்கு ஓடிடியில் 24 மணி நேர நேரலை. என் கணவர் குளியலறைக்குள் போனை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது அந்த நேரலையால்தான். மகள் ஒரு கட்சி, அவர் ஒரு கட்சி. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மகள் தன் தம்பியைப் பார்த்து "நீ ரொம்ப சேஃப் கேம் ஆடுற" என்றாள், ரெண்டாவது தோசை வேண்டாம் என்று சொன்னதற்கு. அந்த சீசனை நாங்கள் அன்றோடு நிறுத்தினோம் என்று எழுத ஆசைதான். இறுதிச் சுற்று வரை பார்த்தோம்.

சமையல், பாட்டு வகை சாதுவானது. 2019-ல் வந்த 'குக்கு வித் கோமாளி' எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஓடியது, ஒரு வாரம் விட்டாலும் ஒன்றும் குடி முழுகாது, அப்பாவும் பையனும் ஒரே இடத்தில் சிரிக்கும் நிகழ்ச்சிகள் எத்தனை இருக்கின்றன சொல்லுங்கள். குழந்தைகள் போட்டியிடும் நிகழ்ச்சிகளில் மட்டும் எனக்கு ஒரு நெருடல். எட்டு வயசுப் பிள்ளை மதிப்பெண் குறைந்து உதடு பிதுங்குவதை நெருக்கத்தில் காட்டி, அம்மா முகத்தைக் காட்டி, மறுபடி பிள்ளையைக் காட்டி, விளம்பர இடைவேளை விடுகிறார்கள். குழந்தைக் கலைஞர்களை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பேரில் வைப்பாகப் போட வேண்டும் என்று 2017-ல் மத்திய அரசின் விதியே வந்தது. அழுகையை எத்தனை முறை திருப்பிக் காட்டலாம் என்பதற்கு அதில் கணக்கு இல்லை. என் பையனும் "நானும் பாடப் போகட்டுமா?" என்று கேட்டான். நன்றாகவே பாடுவான். போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

## பணம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சீரியலும் ரியாலிட்டியும் கேபிளிலேயே வரும், தனிச் சந்தா தேவையில்லை. உண்மைக் குற்றத்துக்கும் வெப் சீரிஸுக்கும்தான் ஓடிடி. ஒரு மாதம் கட்டி, பார்க்க வேண்டியதைப் பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள், மூன்று மாதம் கழித்து வேறொன்றுக்குக் கட்டுங்கள். கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். நான் மறந்துபோய், யாருமே திறக்காத ஒரு தளத்துக்குப் பதினோரு மாதம் தண்டம் அழுதிருக்கிறேன். மொபைல் டேட்டாவில் பார்க்கிறவர்கள் தர அமைப்பைக் கவனியுங்கள்: நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி குறைந்த தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, ஹெச்டி என்றால் 3 ஜிபி வரை. தினம் ஒன்றரை ஜிபி பேக் வைத்திருந்தால் ஹெச்டியில் பாதி எபிசோடிலேயே கொலைகாரன் சுற்ற ஆரம்பித்துவிடுவான்.

## அப்புறம் எது?

கொலை வழக்குக்காரிக்கு: விட வேண்டாம், சனிக்கிழமை பகலுக்கு மாற்றுங்கள், தீர்ப்பு வந்த வழக்காகப் பாருங்கள். பேசிக்கொள்ளாத அப்பா–மகள் வீட்டுக்கு: இந்த வருஷம் ஒரு சீசன் விடுமுறை, பதிலாக ஒரு எட்டு எபிசோடு தொடர், யார் பக்கம் என்று பிரிய முடியாத கதையாக. தேடியே நேரம் போக்குகிறவருக்கு: எதைப் பார்ப்பது என்பதைப் பகலிலேயே ஒரு தாளில் எழுதி டிவி மேல் ஒட்டிவிடுங்கள், ஒன்பது மணிக்குத் தேடல் பட்டன் பக்கமே போகாதீர்கள். பொதுவாக ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் என் ஓட்டு வெப் சீரிஸுக்கு, அதிலும் தமிழிலேயே எடுத்ததற்கு. டப்பிங்கில் ஈரோட்டுக்காரி மாதிரி பேசும் ஸ்பெயின் போலீஸை மாமியாரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது திங்கள் முதல் வெள்ளி மாமியாருக்கு எட்டரை சீரியல், ஒன்பதுக்கு ஒரு எபிசோடு எங்களுக்கு, ஞாயிறு சமையல் ஷோ. வீரப்பனின் நாலாவது எபிசோடு மட்டும் அப்பாவுக்குப் பாக்கி. பாப்பாரப்பட்டி, ஆம்புலன்ஸ், 2004 அக்டோபர் எல்லாம் அதில்தான். போன வாரம் "போடட்டுமாப்பா?" என்று கேட்டேன். அவர் மாமியார் பக்கம் கையைக் காட்டினார். "முடிவு எனக்குத் தெரியும் கண்ணு. அவங்க சீரியலையே வை, அதுல அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு இன்னும் சொல்லலை."